பசளை அடிமரத்துக்கா, கிளை நுனிக்கா?

பழமர வளர்ப்புப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். மாமரத்துக்கு அடிமரத்தை ஒட்டிக் குழி வெட்டிப் பசளை போடச் சொல்கிறது அது. அதில் இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அடியில் இருப்பவை தடித்த வேர்கள். மரத்தைத் தாங்கும், தண்ணீரைக் கடத்தும், ஆனால் உறிஞ்சுவது குறைவு. உறிஞ்சும் நூல் வேர்கள் கிளை நுனிக்கு நேர்கீழேயும் அதைத் தாண்டியும்தான் பரவிக் கிடக்கும்.

போன ஆவணியில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் தண்ணீர்க் குழாய் புதைக்க வெட்டினோம். மாமரத்திலிருந்து 20 அடி தள்ளி, ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே, மணலுக்குள் பழுப்பு வேர்கள் பின்னிக் கிடந்தன. கிளை அங்கே எட்டவே இல்லை! ஆணிவேர் ஆழம் போகும், சரி. ஆனால் சத்துத் தேடும் வேர்களில் பெரும்பங்கு காற்றோட்டமுள்ள மேல்மண்ணில்தான். வேரும் மூச்சுவிட வேண்டுமே. மாரி மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளக் காணியில் பப்பாசி இரண்டு மூன்று நாளிலேயே வாடி விழுவது அதனால்தான்.

தேசி, தோடைக்கு வேர்த்தூவிகள் (வேரில் மயிர்போல் இருந்து சத்தை உறிஞ்சுபவை) குறைவு. வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைதான் பொசுபரசுச் சத்தை எடுத்துக் கொடுக்கிறது. சும்மா சும்மா மண்வெட்டியால் கொத்தினால் அந்தப் பூஞ்சை இழை வலை அறுந்துபோகும். தயவுசெய்து சருகு பரப்பி விடுங்கள்.

அப்புறம், கன்று நடுமுன் பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பிரித்து விடுங்கள். அப்படியே நட்ட ஒட்டு மாங்கன்று ஒன்று நாலாம் வருடம் கச்சான் காற்றில் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தால் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே இருந்தது.