பையைக் குத்தினால் கோபம் தீர்ந்துவிடாது

"பிடிக்காதவர் முகத்தை நினைத்துக்கொண்டு கிக்பாக்ஸிங் பையைக் குத்துங்கள், கோபமெல்லாம் வெளியே போய்விடும், மனச்சோர்வுக்கு மாத்திரையே வேண்டாம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

முதல் விஷயத்தை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் சோதித்தே பார்த்து 2002-இல் வெளியிட்டார். தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

பயிற்சியால் பலனே இல்லை என்று சொல்லவில்லை. நிச்சயம் உண்டு, ஆனால் அது வரும் வழி வேறு. ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து), கிராஸ் (பின்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து), அப்புறம் ஒரு லோ கிக் (காலைக் குறிவைக்கும் தாழ்ந்த உதை) என்று கோத்து அடிக்கும்போது, ஊன்றிய பாதம் திரும்பியதா, குத்திய கை மறுபடி தாடைக்கு வந்துவிட்டதா என்பதில்தான் கவனம் முழுக்க இருக்கும். நாம் அடிப்பதற்காகப் பேட் (மெத்தை) பிடித்து நிற்பவர் அடுத்து என்ன சொல்வாரோ என்று காது காத்திருக்கும். அந்தச் சில நிமிடங்கள் பழைய கவலையை அசைபோட மனதுக்கு இடமே கிடைக்காது. தூக்கமும் நன்றாக வரும்.

சரி, மாத்திரை? உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்க உதவும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம், நோயே திரும்பலாம். டாக்டரிடம் பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்பாரிங்கில் (இருவர் மோதிப் பழகும் பயிற்சியில்) தலையில் பலமாக அடி வாங்குவதும் மனநலத்துக்குக் கெடுதல்தான்.

தயவுசெய்து அந்த மாத்திரை வரியை மட்டுமாவது உடனே நீக்கிவிடுங்கள்.