வார்டில் பின்னால் நிற்க ஒருவர் வேண்டும்

மருத்துவர்களுக்கான கற்பித்தல் பயிற்சி என்றாலே இரண்டு நாள் பயிலரங்கு, ஸ்லைடுகள், குழு விவாதம், கடைசியில் ஒரு சான்றிதழ் என்று ஆகிவிட்டது. நானும் அப்படி மூன்றில் உட்கார்ந்திருக்கிறேன். சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் வார்டில் நான் சொல்லிக்கொடுக்கும் விதம் மாறியது அவற்றால் இல்லை. ஒருநாள் காலை, என்னைவிடப் பத்து வயது இளைய சக மருத்துவர் ஒருவர் என் ரவுண்ட்ஸில், அதாவது மாணவர்களோடு படுக்கை படுக்கையாக நோயாளிகளைப் பார்த்துவரும் சுற்றில், பின்னால் வந்து நின்றார். அதனால்தான்.

அவர் செய்தது சின்ன வேலை. நான் மாணவர்களிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை வினாடி காத்திருந்தேன் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் தாளை நீட்டினார். ஒன்று, ஒன்று, ஒன்று என்றே போனது. சில இடங்களில் கேள்வியோடு பதிலையும் நானே சொல்லி முடித்திருந்தேன். “நீங்க கேள்வி கேக்கலை சார், கேள்வி மாதிரி பாடம் நடத்துறீங்க” என்றார். நிறையக் கேள்வி கேட்கும் ஆசிரியர் என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு நன்றாகவே வலித்தது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளில் இதையே அளந்து 1974-ல் எழுதியிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று வினாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரிந்தது எங்களுக்கு ஏன் வந்து சேரவில்லை? மருத்துவராக இருந்தாலே மருத்துவம் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்துவிடும் என்று நாங்கள் நம்புவதால்தான். ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு’ என்று அறுவை அரங்கில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அந்த மூன்றாவது எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் ‘டாக்டர்’ என்ற லத்தீன் சொல்லுக்கே கற்பிப்பவர் என்றுதான் பொருள்.

பயிலரங்கே வீண் என்று சொல்லவில்லை. 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் எழுதிய ஒரு முறை எனக்கு அங்கேதான் அறிமுகமானது. மாணவர் கேஸைச் சொல்லி முடித்ததும் நாம் முந்திக்கொண்டு நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டு அவரை ஒரு முடிவைச் சொல்லவைக்க வேண்டும். எதை வைத்து அப்படி நினைத்தார் என்று அடுத்துக் கேட்க வேண்டும். அதன் பிறகு, இந்தக் கேஸைத் தாண்டியும் பயன்படும் ஒரு பொது விதியைச் சொல்லலாம், சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டலாம், தவறியதைத் திருத்தலாம். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவிலும் சில நிமிடங்களில் முடிகிற காரியம். பயிலரங்கில் இதை நடித்துக்காட்டிக் கைதட்டல்கூட வாங்கினேன். திங்கட்கிழமை வார்டில் முதல் கேஸிலேயே மறந்துபோனது. நினைவூட்ட ஆள் இல்லை.

ஃபீட்பேக்கும் அப்படித்தான். அது வேறு, மதிப்பெண் போட்டுத் தீர்ப்புச் சொல்வது வேறு என்று அமெரிக்க மருத்துவர் ஜாக் எண்ட் 1983-லேயே தெளிவாகப் பிரித்து எழுதிவிட்டார். நாங்கள் இன்னமும் “இன்னும் படிக்கணும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம்.

இன்னொன்று, நான் போன மூன்று பயிலரங்கிலும் யாரும் பேசாதது. தன் நோயாளி இறந்துபோவதை முதல்முறையாகப் பார்த்த பயிற்சி மருத்துவரிடம் என்ன பேசுவது? “பழகிடும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனவன் நான். என் ஆசிரியர் என்னிடம் சொன்னதும் அதே சொல்தான். பதிலுக்கு அந்த இளைய மருத்துவரின் ரவுண்ட்ஸில் நான் போய் நின்றபோது, அவர் வேறு மாதிரி செய்வதைப் பார்த்தேன். ரவுண்ட்ஸை நிறுத்தினார். நோயாளியை இழந்த பயிற்சி மருத்துவப் பெண்ணோடு பக்கத்து அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். மாலையில் கேஸ் ஷீட்டைப் பிரித்து, எந்த நேரத்தில் என்ன நடந்தது, எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்று அவளோடு சேர்ந்து பார்த்தார். இதை எந்த ஸ்லைடில் போட்டுக் காட்டுவது?

மாதம் ஒரு காலை ஒருவர் ரவுண்ட்ஸில் இன்னொருவர் நிற்கட்டும், அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ‘ஆள் பற்றாக்குறை’ என்று பதில் வந்தது. இரண்டு நாள் பயிலரங்குக்கு முப்பது பேரை மொத்தமாக அனுப்பும்போது இந்தப் பற்றாக்குறை எங்கே போகிறதோ தெரியவில்லை. அனுமதி இல்லாமலே தொடர்கிறோம்.

போன வாரம் கால் வீங்கிய ஒரு நோயாளியின் அருகே நின்று காரணம் கேட்டேன். மனசுக்குள் எண்ணினேன். மூன்றாவது வினாடி நகரவே மாட்டேன் என்றது. அதுவரை பேசியே இராத ஒரு மாணவி “கல்லீரல், சார்” என்றாள். அவருக்கு இருந்தது இதயக் கோளாறு. பழைய வழக்கப்படி திருத்த வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். கேஸ் ஷீட்டில் இருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். வாங்கிப் பார்த்தால், அது பக்கத்துப் படுக்கைக்காரருடையது. காலையிலிருந்து நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.