அந்தத் தாய் சொன்னது தவறான உபதேசம் அல்ல

அந்த அடக்க ஆராதனைக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "சத்தியத்தைத் துணிந்து பேசிய ஊழியர்" என்ற பாராட்டோடு அது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பகிர்கிறவர்களில் நான் மதிக்கும் விசுவாசிகளும் இருப்பதால் இனிமேலும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும். மகனின் பெட்டியை மூடும் நேரத்தில் அந்தத் தாய், "நீ முன்னாலே போ ராசா, அம்மா பின்னாலே வந்து உன்னைப் பார்க்கிறேன்" என்றார். அடுத்துப் பேச எழுந்த போதகர் அவரைத் தேற்றவில்லை, திருத்தினார். பரலோகத்தில் தாயும் இல்லை, மகனும் இல்லை, கர்த்தரைத் தவிர வேறொரு முகத்தை அங்கே தேடுகிறவர்கள் அந்த இடத்துக்கே தகுதியற்றவர்கள் என்று, அந்தப் பெட்டிக்கு அருகில் நின்றுகொண்டு சொன்னார்.

அந்தத் தாய் சொன்னது தவறான உபதேசம் அல்ல. துக்கத்தில் வாய் தவறி வந்த பேச்சும் அல்ல. உயிர்த்தெழுதலை நம்புகிற ஒரு கிறிஸ்தவப் பெண் தன் பிள்ளையிடம் சொல்லக்கூடிய மிகச் சரியான வார்த்தை அது.

போதகர் எடுத்துக்காட்டிய வசனம் மத்தேயு 22:30, "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை", அதாவது அங்கே பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் இல்லை. அங்கே கேள்வி கேட்டவர்கள் சதுசேயர்கள், அதாவது உயிர்த்தெழுதலே இல்லை என்று சாதித்தவர்கள். ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த ஒரு பெண்ணின் கதையை, அந்த நம்பிக்கையைக் கேலிக்குள்ளாக்கவே அவர்கள் கொண்டுவந்தார்கள். கணவன் பிள்ளையில்லாமல் இறந்தால் சந்ததி அற்றுப்போகாதபடி அவனுடைய சகோதரன் அவளை மணக்க வேண்டும் என்ற சட்டத்தை வைத்து எழுந்த கேள்வி அது. உயிர்த்தெழுந்தவர்கள் இனி மரிக்க மாட்டார்கள் என்று லூக்கா அதே பதிலில் காரணத்தையும் சேர்த்து எழுதுகிறார். மரணம் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. ஒருவரையொருவர் அறியமாட்டார்கள் என்று இயேசு எங்கே சொன்னார்? மத்தேயுவில் இரண்டு வசனம் தள்ளி வாசித்தால், ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று சொல்லி, தேவன் மரித்தோருக்கல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன் என்கிறார். தகப்பன், மகன், பேரன் என மூன்று தலைமுறையின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று நிரூபிக்கிறார். அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு "அங்கே மகன் இல்லை" என்று ஒரு தாயிடம் சொல்ல எப்படி மனம் வந்தது?

பெத்தானியாவில், சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளிடம் இயேசு பேசியதையும் வாசித்துப் பாருங்கள். அவர் "மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள்" என்று பொதுவாகச் சொல்லவில்லை. "உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான்" என்றார். உன் சகோதரன். கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்று மார்த்தாள் பதில் சொன்னபோது, அன்றைக்கு அவன் உனக்குச் சகோதரனாக இருக்கமாட்டான் என்று அவர் திருத்தவில்லை. நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனை எழுப்பிய பிறகு, அவனை அவன் தாயினிடத்தில் ஒப்புவித்தார் என்று லூக்கா எழுதுகிறார். இறந்துபோன தன் குழந்தையைப் பற்றித் தாவீது ராஜா, "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்றான். காணொளியில் அந்தத் தாய் சொன்னதும் இதையேதான்.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு, வேத அறிவு இல்லாதவர்களின் ஆறுதல் என்று சொல்கிறவர்களுக்கு: 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில், பெற்றோரும் சகோதரரும் பிள்ளைகளும் திரளாக நமக்காக அங்கே காத்திருக்கிறார்கள் என்று எழுதியவர் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான். 1546 பிப்ரவரி 17 இரவு ஜெர்மனியின் ஐஸ்லேபன் நகரில் உணவு மேசையில், மறுமையில் ஒருவரையொருவர் அறிவோமா என்ற பேச்சு எழுந்தபோது, திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஆதாமை நினைவுபடுத்தினார். முன்பின் பார்த்திராத ஏவாளை, கண் விழித்தவுடன் யாரும் சொல்லாமலே தன் மாம்சம் என்று அவன் அறிந்துகொண்டான், நாம் அதைவிட நன்றாக அறிவோம் என்றார். மறுநாள் அதிகாலையில் இறந்துபோனார். அதற்கு ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளுக்கு முன் 13 வயது மகள் மக்தலேனாவை அடக்கம் செய்த தகப்பன் அவர். இவர்களுக்கும் வேத அறிவு போதவில்லையா?

பரலோகத்தின் மையம் கிறிஸ்து, குடும்பம் அல்ல என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், அந்தத் தாயும் அதை மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துவை நேசிப்பதற்காகப் பெற்ற பிள்ளையை மறக்க வேண்டும் என்று யார் சொன்னது? இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எவ்வளவு கவனமாக எழுதுகிறவர்! முழுமையான பேரின்பத்துக்கு தேவன் ஒருவரே போதும் என்று உறுதியாகச் சொல்லும் அவரே, நண்பர்களின் கூட்டுறவு அந்தப் பேரின்பத்துக்கு அழகு சேர்க்கும் என்று இடம் விடுகிறார். பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கர்த்தருடைய வருகையில், அவருடைய சந்நிதானத்திலேயே, எங்கள் சந்தோஷமும் மகிழ்ச்சியின் கிரீடமும் நீங்களல்லவா என்று தெசலோனிக்கே சபையாரிடம் கேட்கிறார். அந்தச் சந்நிதானத்தில் பவுல் மற்ற முகங்களைத் தேடினார்.

இறந்தவர்களோடு பேச முயல்வதற்கு இது வழிவகுக்கும் என்று ஒரு சகோதரர் எச்சரித்திருந்தார். காத்திருப்பதும் குறி கேட்பதும் ஒன்றல்ல.

விசுவாசம் இல்லாமல் இறந்த அன்பானவர்களின் நிலை என்ன என்பது மட்டும் என்னை உண்மையிலேயே வருத்தும் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லத் துணியமாட்டேன், நீதியும் இரக்கமும் உள்ளவர் கையில் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் காட்டி, விசுவாசத்தில் இறந்த மகனின் தாயை மௌனமாக்குவது நியாயம் ஆகாது.

இதை நான் வெளியில் நின்று பேசவில்லை. என் கணவர் இறந்து சில வாரங்கள் ஆனபோது, ஒரு ஜெபக் கூட்டத்தில் மூத்த சகோதரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கே அவர் உனக்குக் கணவர் இல்லை, அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடு" என்றார். அன்போடுதான் சொன்னார். அதன் பிறகு சாட்சி சொல்ல எழும்போதெல்லாம் என் கணவர் பெயரைச் சொல்லாமல் தவிர்த்துவிடுவேன். நான் திருமண வாழ்க்கையை அங்கே திரும்பக் கேட்கவில்லை. பேச்சு நின்றுபோன கடைசி நாட்களில் அவர் என் முகத்தைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றார். என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அதைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இது விக்கிரக ஆராதனை என்றால், இன்னும் சில நிமிடங்களில் எழுப்பப்போகிற லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு ஏன் கண்ணீர் விட்டார் என்று எனக்கு விளக்குங்கள்.

அழுகிறவர்களைத் திருத்துவது மிக எளிது, ஏனென்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் அந்த நேரத்தில் அவர்களிடம் பலம் இருக்காது. அந்தத் தாய் பேசவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகும் "துணிவு" என்று பாராட்ட உங்களால் எப்படி முடிகிறது?

தூங்கினவர்களும், அதாவது விசுவாசத்தில் மரித்தவர்களும், உயிரோடிருக்கிறவர்களும் ஒன்றுசேர்வோம் என்று எழுதிவிட்டு, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றார் பவுல். தேற்றுவது ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அந்தப் போதகர் ஒலிவாங்கியும் காணொளியும் இல்லாமல் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். போய் உட்கார்ந்து, "அம்மா, நீங்கள் சொன்னது சரி. உங்கள் மகனை நீங்கள் பார்ப்பீர்கள்" என்று சொல்லவேண்டும்.