பலாஸோ வெக்கியோவைக் கட்டியது மெடிச்சி குடும்பமா?
இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து பலாஸோ வெக்கியோ படத்தைப் போட்டு, "மெடிச்சி குடும்பம் தாங்கள் குடியிருக்கக் கட்டிய அரண்மனை" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. 1299-ல் வேலை தொடங்கியபோது அங்கே நடந்தது குடியரசு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற நிர்வாகிகள் தங்கி வேலை பார்க்கத்தான் அந்தக் கல் கோட்டை, வடிவமைத்தவர் அர்னோல்ஃபோ தி காம்பியோ என்பார்கள். முகப்பின் உச்சியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவுகளுக்கு அடியில் பாருங்கள், வெள்ளையில் சிவப்புச் சிலுவை, சிவப்பு லில்லி என்று வரிசையாகக் கேடயங்கள், எல்லாம் குடியரசின் சின்னங்கள். கோபுரம் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்பதும் கட்டியவர்களின் கைப்பிசகு இல்லை, ஏற்கெனவே அங்கிருந்த ஃபொராபோஸ்கி குடும்பத்துக் கோபுரத்தை இடிக்காமல் அதன் மேலேயே எழுப்பினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1433-ல் மூத்த கோசிமோ தே மெடிச்சியைப் பிடித்து அடைத்ததே இந்தக் கோபுரத்துக்குள் இருக்கும் சின்ன அறையில்தான். அந்தக் குடும்பத்தில் பின்னாளில் ஃபுளோரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ இங்கே குடிவந்தது 1540-ல். அப்புறம் அரசவை பிட்டி அரண்மனைக்கு மாறியதும் இது 'வெக்கியோ', அதாவது பழைய அரண்மனை ஆகிவிட்டது.