பதறும் பெண் மாறவே மாட்டாளா?

"சிறுவயதில் பாசம் கிடைக்காத பெண் காதலில் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருப்பாள், மாறவே மாட்டாள்" என்று ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

சிறுவயதில் கிடைத்த பாசம் பின்னாளைய உறவுகளைப் பாதிக்கும் என்பது பிணைப்புக் கோட்பாடு. அதன் வழியே காதலை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஹேசன், ஷேவர் ஆய்வில் (1987), பாதுகாப்பற்ற பிணைப்பு உள்ளவர்கள், அதாவது கைவிடப்படுவோமோ என்று பதறுபவர்களும் நெருக்கத்தைத் தவிர்ப்பவர்களும், ஏறக்குறைய 44 சதவீதம். ஆண்களும் இதில் அடக்கம். நம்பகமான துணையாலும் உளவியல் ஆலோசனையாலும் இது மாறக்கூடியது.

நடப்பது இதுதான்: பதில் தாமதமாகிறது. கைவிட்டுவிடுவானோ என்ற பயத்தில் அவள் திரும்பத் திரும்ப அழைக்கிறாள். அவன் விலகுகிறான், பயம் கூடுகிறது. "இப்போது வேலை, 9 மணிக்கு அழைக்கிறேன்" என்று அவன் சொல்லி, சொன்னபடியே அழைத்துவந்தால் இந்தச் சுழல் மெல்லத் தளரும். அவளும் "ஏன் பதில் இல்லை?" என்று கேட்காமல் "பயமாக இருக்கிறது" என்று சொல்லலாம்.

துணை உண்மையிலேயே ஏமாற்றுகிறார், மிரட்டுகிறார் என்றால் விஷயமே வேறு. அங்கே அவள் பதறுவது நியாயம்.