ஏரிக்கு எதற்கு ஜன்னல் கம்பி?

ஒரு வருடமும் ஏழு மாதமும் இந்த ஒரே துணியோடு மாரடித்தேன். ஏற்காடு ஏரியின் மேல் விடியற்காலைப் பனி இறங்கி, எதிர்க்கரையின் சில்வர் ஓக் மரங்கள் பாதி மறைந்து நிற்கும் காட்சி அது. நானே எடுத்த படத்தைக் கணினியில் கட்ட வரைபடமாக மாற்றி, அங்குலத்துக்குப் 14 கட்டம் வரும் 14 கவுண்ட் ஐடா துணியில் அகலத்துக்கு 300, உயரத்துக்கு 240 என்று 72,000 கிராஸ் ஸ்டிட்ச், அதாவது பெருக்கல் குறி மாதிரியான தையல், போட்டேன். நேற்று மாலை அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தியபோது, மேற்குச் சன்னல் வெயில் பக்கவாட்டில் விழுந்ததுதான் தாமதம், பனியின் நடுவே மேலிருந்து கீழாக நான்கு கோடுகளும் குறுக்கே இரண்டு கோடுகளும் எழுந்து நின்றன. "ஏன் அண்ணி, ஏரிக்கு ஜன்னல் கம்பி போட்டிருக்கீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். அவள் கேலிக்காகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே கம்பி என்றுதான் நினைத்துவிட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். 60, 120, 180, 240 ஆகிய தையல்களில் நெடுக்குக் கோடுகள். 80, 160 ஆகிய வரிசைகளில் குறுக்குக் கோடுகள். வரைபடத்தை அச்சடித்த பதினைந்து தாள்களும் எங்கெங்கே முடிகின்றனவோ, அங்கங்கே கோடு. அச்சு இயந்திரத்துக்குள் போகிற தாளின் அளவுக்கும் ஏரிக்கும் பனிக்கும் என்ன உறவு? அந்தத் தாளின் ஓரத்தைத் துணியில் கொண்டுபோய்ப் பதித்தது என் கை என்றாலும், பதிக்கச் சொன்னது நான் கேட்ட அறிவுரை. "ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், அப்போதுதான் அலுப்புத் தட்டாது" என்று சொல்லாத ஆளில்லை. முடித்த பக்கத்தின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக நிற்கும், அடுத்த பக்கம் வந்து ஒட்டும்போது அங்கே தழும்பு விழும் என்பதை மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நடுவில் சந்தேகம் வந்து கேட்டபோதும் "துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். துவைத்தேன். துணி பளிச்சென்று ஆனது, கோடும் அதோடு சேர்ந்து பளிச்சென்று ஆனது.

நூலின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. பனிக்கு வேண்டிய வெளிர் சாம்பலான டிஎம்சி நிறுவனத்து 762-ஆம் எண் நூல் சிட்டங்கள் அத்தனையையும், நிறம் வேறுபடக் கூடாதென்று முதல் நாளே மொத்தமாக வாங்கிவைத்தவள் நான். பெருக்கல் குறியின் இரண்டு கால்களில் மேலே விழும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பதிலும் தவறவில்லை. குற்றம் முழுவதும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் தையலுக்கு நாலு பக்கமும் துணை உண்டு. ஓரத்துத் தையலோ ஒரு பக்கம் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது, அதன் மேல் என் மணிக்கட்டு உராய்கிறது, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் அழுத்துகிறது. மூன்று மாதம் கழித்து அடுத்த பக்கத்துக்காக அதே துளைகளில் ஊசியை விடுகிறேன். ஏற்கெனவே நூல் இருக்கும் துளையில் ஊசி மேலிருந்து கீழே இறங்க வேண்டும், காலித் துளையில்தான் கீழிருந்து மேலே வர வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நிறைந்த துளை வழியாக ஊசியை மேலே இழுத்து, பழைய நூலின் இழைகளைக் குத்திப் பிரித்துக்கொண்டே போயிருக்கிறேன். போதாக்குறைக்கு, நூல் முனைகளையெல்லாம் சுத்தம் என்று நினைத்து ஓரத்தை ஒட்டியே பின்பக்கம் செருகியிருக்கிறேன். விரலால் தடவினால் அங்கே வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டுப்படுகிறது!

எனக்கு இன்னும் ஆத்திரம் என்னவென்றால், நான் சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். காலையில் தறிக்குழியில் இறங்கியதும் அப்பா முதல் நாலைந்து ஊடையை, அதாவது குறுக்கு நூலை, கையை அளந்துதான் அடிப்பார். நேற்று விட்ட அழுத்தத்துக்கும் இன்று தொடங்கும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் வந்தால் வெண்பட்டு வேட்டியில் குறுக்கே கோடு விழும், கடைக்காரர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துக் கூலியில் கை வைப்பார். நிறுத்திய இடத்தில் கோடு விழும் என்பதைப் பத்து வயதிலேயே கண்ணால் பார்த்த நான், அதே தவற்றை ஆறு இடத்தில் நேர்கோடு பிடித்துச் செய்து வைத்திருக்கிறேன்.

செய்திருக்க வேண்டியது சின்ன விஷயம்தான். ஒரு நிறத்தைத் தாளின் ஓரத்தில் நிறுத்தாமல், ஓர் இடத்தில் ஐந்து தையல், ஓர் இடத்தில் பதினொன்று, ஓர் இடத்தில் இரண்டு என்று அடுத்த தாளுக்குள் நூல் தீரும்வரை ஓடவிட்டு, காற்றில் கிழிந்த வாழையிலையின் ஓரம்போல விட்டிருந்தால் போதும். மரங்கள் இருக்கும் கீழ்ப் பகுதியில் இப்படி விடாமலே பிழைத்துக்கொண்டேன், ஏனென்றால் அங்கே நாலு தையலுக்கு ஒரு நிறம் மாறுவதால் கோடு ஒளிந்துகொள்கிறது. ஒரே நிறம் உள்ளங்கை அகலத்துக்குப் பரந்து கிடக்கும் பனியில்தான் அதற்கு ஒளிய இடமில்லை.

ஆகவே இன்று காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நெடுக்குக் கோட்டின் இரண்டு பக்கமும், ஒழுங்கில்லாமல், சின்னக் கத்தரியால் பின்பக்கத்து நூலை வெட்டி, புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு காலாக உருவ வேண்டியிருக்கிறது; உருவிய இடத்தில் சாம்பல் நிறப் பஞ்சு துணியோடு ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. மதியம் வரை பதினெட்டு வரிசை ஆகியிருக்கிறது. இன்னும் ஐந்து கோடுகள் பாக்கி. அவை முடியும்வரை நாத்தனாருக்குக் கூடத்தில் காபி கிடையாது, திண்ணையிலேயே குடித்துவிட்டுப் போகட்டும்.