கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து

வடசென்னையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையை என் பாட்டி கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அதைக் கேலிப் பெயர் என்றே நினைத்திருந்தேன். 1782 பஞ்சத்தில் பட்டணத்துக்குள் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. அங்கே மருத்துவமனை வந்தது 1799இல் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் முதலில் வந்தது கஞ்சி. மருந்து வர அதற்குப் பிறகு 17 வருடம் ஆயிற்று.

2020 ஊரடங்கை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ராயபுரம் மண்டலத்தின் தொற்று எண்ணிக்கை தினமும் செய்தியில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஆறேழு பேர் சேர்ந்து காசு திரட்டி மளிகைப் பை கட்டினோம். பையில் என்ன போடுவது என்று பெரிதாக யோசிக்கவில்லை. அரிசி போட்டால் பை கனமாக இருக்கும், வாங்குகிறவர்களுக்கும் திருப்தி, படம் எடுத்தாலும் நன்றாக விழும். (ஆமாம், படம் எடுத்தோம். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.) பைக்கு ஐந்து கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய்.

பை வாங்கியவர்களில் ஓர் அக்கா, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். மீன்பிடித் துறைமுகம் முடங்கியதும் அவர் கூடை கவிழ்ந்துவிட்டது. வருமானம் போனது ஒருபக்கம். விற்றது போக மிஞ்சும் நெத்திலியும் காரப்பொடி மீனும்தான் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றாடச் சத்து, அதுவும் போயிற்று. வடசென்னையில் ஏழை வீடுகள் உடம்பைத் தாங்கிக்கொள்வது நெத்திலி, மாட்டுக்கறி, போட்டி என்கிற குடல் கறி, முட்டை இவற்றால்தான். வெளியிலிருந்து உதவ வருகிறவர்கள் கணக்கில் இவை எதுவும் வருவதில்லை, ஏழை என்றால் சோறும் சாம்பாரும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த வருடம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே மாதத்தோடு முடித்தார்கள். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த அக்காவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. வீட்டில் ரேஷன் அரிசி ஒரு மூட்டை, நாங்கள் கொடுத்தது ஒரு பை, இன்னொரு குழு கொடுத்தது ஒரு பை. மூன்று வேளையும் சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். ஒருநாள் நாங்கள் கொடுத்த அரிசியை மாவுக் கடையில் கொடுத்துவிட்டு முட்டை வாங்கி வந்திருக்கிறார். செய்தி எங்கள் குழுவுக்கு எட்டியது. கொடுத்ததை விற்கிறவருக்கு இனிமேல் பை கிடையாது என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. நோட்டில் அவர் பெயரை அடித்தது என் கைதான்.

சத்துணவு பற்றி எங்கள் ஆறேழு பேரையும்விட அவருக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மாநிலத்தில் ரேஷன் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. ஏப்ரலில் 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு ஊரடங்கு போட்டபோது அம்மா உணவகத்தில் காசில்லாமல் சாப்பாடு கொடுத்தார்கள். அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிகள் பலருக்கு அதுதான் கதி. 2021இல் வந்த 14 பொருள் பையில் அரை கிலோ உளுந்தும் கால் கிலோ கடலைப் பருப்பும் இருந்தன, துணி சோப்புகூட இருந்தது. அந்தப் பட்டியலைப் போட்டவர் வீட்டில் சமைக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவே இல்லை. மாதாமாதம் ரேஷனில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. இதற்குப் பக்கத்தில் ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பங்களிடையே நடந்த ஆய்வை வைத்துப் பாருங்கள். 2023இல் அதன் முடிவு வெளிவந்தது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, பெரியவர் ஒருவருக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நான்கு பெரியவர்கள் என்றால் ஆறு கிலோ பருப்பு. நமக்கு ஒன்று. ஓட்டேரி ஆஸ்பத்திரி என்றாலே டிபி என்று புரிந்துகொள்கிற ஊர்க்காரர்கள் நாம், இந்த வித்தியாசத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சண்டை இங்கே பழையது. 1877 பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். தானியம் மட்டும் உடம்புக்குப் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் செத்தவர்கள் செத்துப்போனார்கள்.

ஆகவே அடுத்த தொற்றோ அடுத்த வெள்ளமோ வரும்போது அரிசியோடு முட்டையும் கொடுங்கள் என்கிறேன். பெரியவர்களுக்கும். முக்கியமாகப் பெண்களுக்கு, வீட்டில் நான்கு முட்டை இருந்தால் அவர்கள் தட்டுக்கு வருவது குழம்பு மட்டும்தான். எனவே தலைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்க வேண்டும், அட்டைக்கு இத்தனை என்று இல்லை. முடியாவிட்டால் கையில் பணமாகக் கொடுங்கள், மீனோ மாட்டுக்கறியோ அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். எது வாங்குவது என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

இதைச் சொன்னால், முட்டை வழியில் உடைந்துவிடும், ரேஷன் கடையில் வைக்க முடியாது என்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து இந்த மாநிலத்தின் மூலைமுடுக்குப் பள்ளிக்கூடம்வரை சத்துணவு முட்டை எத்தனையோ வருடங்களாகப் போய்ச் சேர்கிறது. 2020 மார்ச்சில் கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று கிளப்பிய வதந்தியில் முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பள்ளிகளும் மூடியிருந்தன. வாங்க ஆளில்லாத முட்டை அங்கே இருந்தது. இங்கே ஓர் அம்மாள் அரிசியைக் கொடுத்துவிட்டு முட்டை தேடி அலைந்துகொண்டிருந்தார்.